64 வயது அப்பச்சிக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி தேவையா?

தேவகோட்டைத் தம்பி:
அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, 64 வயது. பத்து வருடத்துக்கு மேல் சர்க்கரை, தொப்பையும் உண்டு. மணிவிழா முடிந்ததிலிருந்தே ஆள் சோர்ந்து போயிருக்கிறார். சாயங்காலமானால் ஊருணியைச் சுற்றி நடப்பவர், இப்போது முகப்பை விட்டு இறங்குவதே இல்லை. சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், விளம்பரம் பார்த்து ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம் கொடுத்திருக்கிறார். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 278 என்று வந்திருக்கிறது. உடனே ஊசி ஆரம்பிக்கலாம், ஆறு மாதப் பேக்கேஜ் என்கிறார்கள். அப்பச்சிக்குப் போட்டுக்கொள்ள ஆசை. ஆத்தாவுக்குப் பயம், இதயத்துக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்களாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் 66:
தம்பி, நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, மதுரையில் ஹார்மோன் டாக்டர் பார்த்துத்தான் ஆரம்பித்தார். எனக்கும் சர்க்கரை உண்டு. இரண்டு தடவை பார்த்தும் 200க்குக் கீழேதான் இருந்தது. ஊசிக்கு அப்புறம் மனது தெளிவாக இருக்கிறது, வீட்டில் எரிந்து விழுவது குறைந்தது, தாம்பத்தியத்தில் விட்டுப்போன நாட்டம் திரும்பியது. ஹீமோகுளோபின் 11இல் கிடந்தது, அதுவும் ஏறியது. பயப்படாமல் போகச் சொல்லுங்கள்.

பழைய லேப்காரன்:
போகச் சொல்வதற்கு முன் ஒன்று கேட்கிறேன். அந்த ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது? சாப்பிட்டா, வெறும் வயிற்றிலா?

தேவகோட்டைத் தம்பி:
கல்யாணச் சாப்பாடு முடித்து, சாயங்காலம் நாலு மணி வாக்கில்.

பழைய லேப்காரன்:
அப்படியானால் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வையுங்கள். இந்த ஹார்மோன் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது ஏற ஏற இறங்கும். சாப்பிட்டால், அதுவும் இனிப்போடு சாப்பிட்டால், இன்னும் இறங்கும். காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு முறை எடுத்து இரண்டும் குறைவாக வந்தால்தான் குறைவு என்று சொல்ல வேண்டும். ஆயுள் முழுக்க ரத்தச் சோதனைக் குழாயோடு உட்கார்ந்தவன் நான். காய்ச்சல் விட்ட மறுவாரமும், ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் வந்து இறங்கிய காலையும் இந்த டெஸ்ட்டுக்கு ஆள் வருவார்கள். அந்த எண்களை வைத்து ஒருவருக்குக் காலம் முழுக்க மருந்து எழுதுவது தப்பு.

பள்ளத்தூர் 66:
வயதானவர்களுக்கு அந்தக் காலை, மாலை வித்தியாசம் குறைந்துவிடும் என்று என் டாக்டரே சொன்னார். திரும்ப எடுக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 278 என்பது எங்கோ 600இல் இருப்பவருக்கு வருகிற எண் இல்லை.

பழைய லேப்காரன்:
அதே ஆளுக்குக் காலையில் 340 வரலாம் அண்ணே. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் வைத்திருக்கிற கோடு டெசிலிட்டருக்கு 300 நானோகிராம். கோட்டை ஒட்டி நிற்பவருக்குத்தான் நேரமும் சாப்பாடும் ரொம்ப முக்கியம்.

கோலாலம்பூர் காரைக்குடியான்:
இதய பயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2015இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மாரடைப்பு, பக்கவாத அபாயம் இருக்கலாம் என்று இந்த மருந்துகளின் லேபிளில் எச்சரிக்கை போடச் சொன்னது உண்மை. அதற்கு விடை தேடித்தான் டிராவர்ஸ் என்ற பெரிய ஆய்வை நடத்தினார்கள். 45 முதல் 80 வயது வரை 5,200 பேருக்கு மேல். எல்லாரும் இதய நோய் உள்ளவர்கள், அல்லது வர வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். 2023இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்த்து, மருந்தை ஜெல்லாகப் பூசியவர்களில் 7.0 சதவீதம், மருந்தில்லாத வெறும் ஜெல் பூசியவர்களில் 7.3 சதவீதம். வித்தியாசமே இல்லை. 2025இல் அந்த எச்சரிக்கையை மாற்றி எழுதிவிட்டார்கள், இப்போது ரத்த அழுத்தத்தைக் கவனிக்கச் சொல்கிறார்கள். ஆத்தாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பழைய லேப்காரன்:
அதே ஆய்வின் மிச்சத்தையும் சொல்லுங்கள். நெஞ்சு படபடக்கிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் 2.4 சதவீதத்திலிருந்து 3.5 ஆனது. நுரையீரலில் ரத்தக்கட்டியும், திடீர் சிறுநீரகப் பாதிப்பும் கூடின. எலும்புக்கு நல்லது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். 2024இல் வந்த கணக்கில் எலும்பு முறிவும் மருந்து பூசியவர்களிடம்தான் அதிகம். இன்னொன்று, பாதிக்கு மேற்பட்டவர்கள் ஜெல்லை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். பத்து வருடம் விடாமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது பதில் ஆகாது.

கோலாலம்பூர் காரைக்குடியான்:
எல்லாமே நூற்றுக்கு ஒன்று அளவு வித்தியாசம். அதை மறைக்கவும் வேண்டாம், பேயாகக் காட்டவும் வேண்டாம்.

பழைய லேப்காரன்:
நூற்றில் அந்த ஒருவர் பட்டாலையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தால் அவருக்கு அது நூறு. பலன் அந்த அளவுக்குப் பெரிதாக இருந்தால் அபாயத்தை ஏற்கலாம், அதுதான் என் வாதம். 65 வயதுக்கு மேற்பட்ட 790 பேரை வைத்து ஒரு வருடம் பார்த்து 2016இலும் 2017இலும் சொன்ன முடிவு: பாலியல் நாட்டம் ஓரளவு கூடியது, மனநிலை கொஞ்சம் மேல், ரத்தசோகை இருந்தவர்களுக்கு ஹீமோகுளோபின் ஏறியது. ஆனால் சோர்வு? முக்கிய அளவுகோலில் பலன் இல்லை. ஞாபகசக்தியும் கூடவில்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பும் 2020இல் இதையேதான் சொன்னது: வயதால் குறைந்தவருக்குப் பாலியல் பிரச்சினைக்காக யோசிக்கலாம், தெம்பு வேண்டும் என்பதற்காகக் கொடுக்காதீர்கள், ஒரு வருடத்துக்குள் பலன் தெரியாவிட்டால் நிறுத்துங்கள். தம்பியின் அப்பச்சி கேட்பது தெம்புதானே?

பள்ளத்தூர் 66:
சர்க்கரை விஷயத்தை விட்டுவிட்டீர்கள். ஆஸ்திரேலியாவில் ஆயிரம் பேரை வைத்து இரண்டு வருடம் செய்த ஆய்வு 2021இல் வந்தது. ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் கடைசியில் சர்க்கரை நோய் இருந்தது, மற்றவர்களில் 21 சதவீதம். இது சின்ன விஷயமா?

பழைய லேப்காரன்:
சின்ன விஷயமில்லை. ஆனால் அவர்கள் சர்க்கரையின் வாசலில் நின்றவர்கள், பத்து வருடமாக உள்ளே இருப்பவர்கள் இல்லை. இரண்டு பக்கத்தாருக்கும் எடை குறைக்கும் பயிற்சியும் சேர்த்தே கொடுத்தார்கள். ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல், ரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவான ஹீமட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தொட்டது. அதாவது ரத்தம் கெட்டியாகிவிட்டது. நம் ஊர் சித்திரை வெயிலில் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் இருந்தாலே அது ஏறும், அதன் மேல் ஊசியும் என்றால் யோசித்துப் பாருங்கள். அண்ணே, உங்களுக்கு எத்தனை இருக்கிறது?

பள்ளத்தூர் 66:
போன தடவை 52. ஊசி இடைவெளியைத் தள்ளிப்போட்டிருக்கிறார். புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும் பார்க்கிறார். கவனிக்கிற டாக்டர் இருந்தால் சமாளிக்கலாம் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். பேக்கேஜ் விற்கிறவனிடம் போகாதே என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

கண்டனூர் ஆச்சி:
ஜெல் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் ஒரு விஷயம். தோளிலும் மேல்கையிலும் பூசுவார்கள். நம் வீட்டு ஆண்கள் வெயில் காலத்தில் வெறும் உடம்போடு வளவில் உட்கார்ந்திருப்பார்கள், பேரப்பிள்ளை ஓடிவந்து தோளில் ஏறும், முகத்தை வைத்துத் தேய்க்கும். அந்த மருந்து குழந்தை உடம்பில் ஒட்டி, சின்ன வயதிலேயே மறைவிடத்தில் முடி முளைத்த கதைகள் உண்டு. 2009இலேயே அமெரிக்காவில் இதற்குக் கடுமையான எச்சரிக்கை போட வைத்தார்கள். பூசியதும் கை கழுவ வேண்டும், காய்ந்ததும் சட்டை போட வேண்டும், பிள்ளையைத் தூக்கும் முன் அந்த இடத்தைக் கழுவ வேண்டும். பெண்களுக்கும் ஒட்டக் கூடாது.

இன்னொன்றும் கேட்கிறேன். இத்தனை பேர் பேசினீர்கள், நிச்சயமாகக் கூடுவது நாட்டம்தான் என்கிறீர்கள். அப்படியானால் ஆத்தாவிடம் யாராவது கேட்டீர்களா? அவருக்கு இதய பயம் மட்டும்தானா, வேறு மனத்தாங்கல் உண்டா? அறுபதுக்கு மேல் மனைவியின் உடம்பும் மாறியிருக்கும். ஒருவருக்கு மட்டும் ஊசி போட்டு ஆசையைக் கூட்டிவிட்டால் அந்த வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

பழைய லேப்காரன்:
ஆச்சி சொல்வது சரி. தம்பி, அப்பச்சி குறட்டை விடுவாரா? பகலில் உட்கார்ந்தபடி தூங்குகிறாரா?

தேவகோட்டைத் தம்பி:
பயங்கரக் குறட்டை. இடையில் மூச்சு நின்று திடுக்கென்று எழுவார் என்று ஆத்தா சொல்லும். மத்தியானம் பேப்பர் கையில் இருக்கும்போதே தூங்கிவிடுகிறார்.

பழைய லேப்காரன்:
அப்படியென்றால் முதலில் தூக்கப் பரிசோதனை. தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டால் அதுவே இந்தச் சோர்வைக் கொடுக்கும். அதோடு வருகிற தொப்பை, சர்க்கரை, கெட்ட தூக்கம் எல்லாம் டெஸ்டோஸ்டிரோனையும் இறக்கும். கடுமையான மூச்சுத் தடையைக் கவனிக்காமல் ஊசி போடக் கூடாது என்று வழிகாட்டிகளிலேயே இருக்கிறது. தைராய்டும் பாருங்கள். இரண்டாவது காலை டெஸ்ட்டும் குறைவாக வந்தால் எல்எச், புரோலாக்டின் என்ற ஹார்மோன்களைப் பார்க்கச் சொல்லுங்கள், அவற்றைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருந்தாலும் டெஸ்டோஸ்டிரோன் குறையும். அந்த மாதிரி நோய் இருந்தால் ஊசி வேண்டாம் என்று நானே சொல்ல மாட்டேன்.

கோலாலம்பூர் காரைக்குடியான்:
எல்லாம் பார்த்து, இரண்டு காலையும் குறைவாக வந்து, கட்டியும் இல்லை, ஆனால் கஷ்டம் இருக்கிறது என்றால்?

பழைய லேப்காரன்:
கஷ்டம் சோர்வு மட்டும் என்றால் என் பதில் மாறாது. எடையைக் குறையுங்கள், நடங்கள். வெளியிலிருந்து ஹார்மோன் ஏறியதும் விரை தன் வேலையை நிறுத்திவிடும். ஊசியை விட்டால் சொந்தச் சுரப்பு திரும்ப மாதக்கணக்கில் ஆகும், அந்த மாதங்களில் இப்போது இருப்பதைவிட மோசமாக இருப்பார்.

பள்ளத்தூர் 66:
நான் இதில் ஒத்துக்கொள்ள மாட்டேன். சோர்வு, சோர்வு என்று எல்லாரும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டீர்கள். தம்பி, 64 வயது மனிதர் பெற்ற பிள்ளையிடம் வேறு எதைச் சொல்வார்? என் மகனிடம் நானும் முட்டி வலி, அசதி என்றுதான் சொன்னேன். மதுரைக்கு அழைத்துப்போனால் டாக்டர் அறைக்குள் நீங்கள் போகாதீர்கள். தனியாக விடுங்கள், உண்மையான காரணம் அங்கே வரும். அது நாட்டம் பற்றியதாக இருந்து, இரண்டு காலையும் குறைவாக வந்தால், ஒரு வருடம் கவனமாகப் போட்டுப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு.

கண்டனூர் ஆச்சி:
தனியாக வேண்டாம். ஆத்தாவையும் கூட அனுப்புங்கள்.

தேவகோட்டைத் தம்பி:
பேக்கேஜ்காரர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் காரைக்குடியில் ரத்தம் கொடுக்கிறோம். தூக்கப் பரிசோதனைக்கு மதுரையில் நாள் கேட்டிருக்கிறேன். ஆத்தாவும் வருகிறது, நான் வெளியில் இருந்துகொள்கிறேன்.