பச்சை இறைச்சி கொடுத்த நாய்க்கு வயிற்றோட்டம், அவசரம்

உப்புவெளியான் (திங்கள், இரவு 9.20)
எல்லோருக்கும் வணக்கம். பச்சை இறைச்சி நல்லது என்று கேள்விப்பட்டு எங்கள் நாய்க்குக் கொடுக்கத் தொடங்கினோம். இப்போ வயிற்றோட்டம். காலையிலிருந்து முற்றத்தில் குந்துவதும் எழும்புவதுமாக இருக்கிறான். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரும் சளியும் வருகிறது. இரவு சாப்பிடவில்லை. மிருக வைத்தியரை நாளைக்குத்தான் பார்க்கலாம். மனிதருக்குக் கொடுக்கிற வயிற்றோட்டக் குளிசை வீட்டில் இருக்கிறது. கொடுக்கலாமா, எவ்வளவு? சீக்கிரம் சொல்லுங்கள், பிள்ளைகள் அழுகிறார்கள்.

கிண்ணியா_நண்பன் (9.26)
வயது என்ன, எடை என்ன? எந்த இறைச்சி? எத்தனை நாளாகக் கொடுக்கிறீர்கள்? ஊசி எல்லாம் போட்டதா? இது தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது அண்ணா.

மனையாவெளி_அக்கா (9.31)
தம்பி, கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்தது எப்போது? எங்கள் வீட்டு நாய்க்கும் போன மாரியில் இப்படித்தான் சளி சளியாகப் போனது. பூச்சி மருந்து கொடுத்து இரண்டாம் நாள் சரியானது. சளி என்றாலே எனக்கு முதலில் பூச்சிதான் ஞாபகம் வரும்.

நாய்த்தோழன் (9.40)
இந்தக் கேள்விக்கு நான் பத்துத் தடவையாவது பதில் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பச்சை உணவுக்கு மாறும்போது சளி வருவது குடல் புது உணவுக்குப் பழகாததால். பயப்பட ஒன்றுமில்லை. ஒரு நாள் பட்டினி போட்டு, அப்புறம் அதே உணவைத் தொடருங்கள். பழைய உணவோடு கலந்து ஏழு, பத்து நாளில் மெதுவாக மாற்றியிருக்க வேண்டும். அதைச் செய்தீர்களா?

உவர்மலை_வாசி (9.47)
என் சந்தேகம் பிரிட்ஜ்தான். கரண்ட் போய் ஐஸ் இளகி, வந்ததும் திரும்ப உறைந்திருக்கும். பிரீசரில் வைத்தால் கிருமி சாகும் என்று நினைக்கிறோம். சல்மொனெல்லா சாகாது, தூங்கும், அவ்வளவுதான். இளகியதும் பெருகத் தொடங்கிவிடும். மீன் ஏதும் கொடுத்தீர்களா? சூரை மாதிரி மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதில் ஊறும் ஹிஸ்டமின் என்ற நஞ்சு சமைத்தாலும் போகாது.

உப்புவெளியான் (10.05)
நான்கு வயது. கலப்பு இனம், 22 கிலோ இருப்பான். கோழிதான், மீன் இல்லை. ஒன்பது நாளாகிறது. ஒரேயடியாக மாற்றிவிட்டோம். ஊசி எல்லாம் போட்டது, பூச்சி மருந்தும் போன மாதம் கொடுத்தோம். பிரிட்ஜ் பிரச்சினை இல்லை, அன்றன்றைக்குத்தான் வாங்குகிறோம். குளிசை பற்றி யாரும் சொல்லவில்லையே?

தம்பலகாமத்தாள் (10.11)
குளிசை கொடுக்க வேண்டாம். தயவுசெய்து பொறுங்கள். நான் மிருக வைத்தியரிடம் சில வருடம் உதவியாளராக வேலை செய்தவள். இரண்டு விடயம் மட்டும் சொல்லுங்கள். கோழியில் எந்தப் பகுதி கொடுக்கிறீர்கள்? கடைசியாக அவன் கட்டியாகப் போனது எப்போது, அதன் நிறம் என்ன?

சீனக்குடாத்_தம்பி (10.14)
எங்கள் அம்மம்மா வீட்டு நாய் சோறும் மீன் தலையும் தின்றே பதினான்கு வருடம் இருந்தது. இந்தப் பச்சை இறைச்சி எங்கிருந்து வந்த பழக்கம்?

நாய்த்தோழன் (10.20)
அவுஸ்திரேலியாவிலிருந்து. இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற மிருக வைத்தியர் 1993 இல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிறகுதான் இது உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு முன்பே பந்தய நாய்களுக்கும் பனிச் சறுக்கு வண்டி நாய்களுக்கும் பச்சை இறைச்சிதான். நாய் ஓநாயின் வழி வந்தது. ஓநாய் சோறு வடித்துத் தின்பதில்லை. கொஞ்சம் உயிரியல் தெரிந்தால் இந்தக் கேள்வியே வராது.

ஆறாங்கட்டை (10.27)
அதே உயிரியல்தான் வேறு கதையும் சொல்கிறது அண்ணா. மாப்பொருளைச் செரிக்கும் அமிலேஸ் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான். நாயிடம் அதைவிடப் பல மடங்கு. சுவீடன் ஆய்வாளர்கள் 2013 இல் வெளியிட்டார்கள். மனிதரோடு வாழ்ந்து மனிதர் தின்றதைத் தின்று வயிறு மாறியிருக்கிறது. அம்மம்மா போட்ட சோறு அதற்கு ஒத்துக்கொண்டதில் அதிசயமில்லை.

நாய்த்தோழன் (10.31)
செரிக்க முடியும் என்பது வேறு, அது நல்ல உணவு என்பது வேறு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

மனையாவெளி_அக்கா (10.35)
எனக்குக் கவலை அதில்லை. தம்பி வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாய்க்கு ஒன்றும் செய்யாத கிருமி அதன் வாயிலும் மலத்திலும் வரும். பிள்ளை நாயைக் கட்டிப்பிடித்துவிட்டு அதே கையால் பிஸ்கட் தின்னும். அமெரிக்க மிருக வைத்தியச் சங்கமே 2012 இல் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள் என்று சொன்னது.

நாய்த்தோழன் (10.38)
பலகையையும் கத்தியையும் கழுவினால் போதும். நீங்களும் கறிக்குப் பச்சைக் கோழியைத்தானே வெட்டுகிறீர்கள்?

மனையாவெளி_அக்கா (10.41)
வெட்டுகிறேன், அடுப்பிலும் வைக்கிறேன். வெட்டிய பலகையை என் பேரப்பிள்ளை நக்குவதில்லை.

கிண்ணியா_நண்பன் (10.43)
அக்கா, அண்ணா, இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். நாய் இன்னும் முற்றத்தில் குந்திக்கொண்டிருக்கிறது. தம்பலகாமத்து அக்கா கேட்டதற்குப் பதில் வரட்டும்.

உப்புவெளியான் (10.48)
மன்னியுங்கள், அவனோடு வெளியில் நின்றேன். கழுத்தும் காலும் (தொடை இல்லை, விரலுள்ள பாதம்) மட்டும்தான் கொடுக்கிறோம். கோழிக் கடையில் மலிவாகத் தருகிறார்கள். சதை கலக்கவில்லை. கட்டியாகப் போனது வெள்ளிக்கிழமை. வெள்ளையாக, பள்ளிக்கூட வெண்கட்டி மாதிரி. தடியால் தட்டினால் மாவாக உதிர்ந்தது. மணமும் இல்லை, அதனால் நல்ல அறிகுறி என்று சந்தோஷப்பட்டோம்.

தம்பலகாமத்தாள் (11.02)
அந்த வெண்கட்டிதான் பதில். எனக்குத் தெரிந்தவரை இது வயிற்றோட்டமே இல்லை, மலச்சிக்கல்.

கோழிக் கழுத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் எலும்பு. காலில் பாதிக்கும் மேல். பச்சை உணவு கொடுப்பவர்கள் வைத்திருக்கிற கணக்கே 80 வீதம் சதை, 10 வீதம் எலும்பு, 10 வீதம் உள்ளுறுப்பு, அந்த உள்ளுறுப்பிலும் பாதி ஈரல். நீங்கள் ஒன்பது நாளாக எலும்பைத்தான் சாப்பாடாகப் போட்டிருக்கிறீர்கள். பெருங்குடல் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச எலும்புத் தூள் சீமெந்து மாதிரி இறுகும். அதைத் தள்ள முடியாமல் அவன் முக்குகிறான். கட்டியின் ஓரத்தால் நீரும் சளியும் மட்டும் கசிகிறது. பார்ப்பவருக்கு வயிற்றோட்டம் மாதிரித் தெரியும். நாள் முழுக்கக் குந்தியும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது என்று நீங்கள் எழுதியதும் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

வயிற்றோட்டக் குளிசை குடலின் அசைவை மெதுவாக்கும். அடைத்திருக்கிற குடலுக்கு அதைக் கொடுத்தால் என்னவாகும் என்று யோசியுங்கள்.

இப்போ பார்க்க வேண்டியது இதுதான். மேலுதட்டைத் தூக்கி முரசை விரலால் அழுத்துங்கள். வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். தோள் பக்கத் தோலை இழுத்து விடுங்கள். உடனே படிந்தால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் குடித்தால் தாராளமாகக் குடிக்க விடுங்கள். எலும்பு இனி ஒன்றும் வேண்டாம். சத்தி எடுத்தால், வயிறு உப்பினால், இரத்தம் வந்தால் காலை வரை பார்க்கவே கூடாது, இரவானாலும் வைத்தியரை அழையுங்கள்.

சீனக்குடாத்_தம்பி (11.06)
ஆமணக்கெண்ணெய் இரண்டு கரண்டி ஊற்றினால் இளகாதா அக்கா?

தம்பலகாமத்தாள் (11.10)
வேண்டாம் தம்பி. வாயைப் பிடித்து எண்ணெய் ஊற்றும்போது அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. மருந்துக் கடை எனிமாவும் வீட்டில் வேண்டாம். அதில் பொஸ்பேட் கலந்தவை உண்டு, சின்ன நாய்க்கும் பூனைக்கும் அது உயிராபத்து. நான் சொல்வதும் ஊகம்தான். வயிற்றைத் தடவிப் பார்க்கிற கைதான் உறுதி சொல்ல முடியும்.

நாய்த்தோழன் (11.15)
கழுத்தும் காலும் மட்டும் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். சரி, நாளைக்குக் கட்டாயம் காட்டுங்கள். பட்டினி போடச் சொன்னதை விட்டுவிடுங்கள்.

உப்புவெளியான் (11.21)
முரசு சிவப்பாகத்தான் இருக்கிறது. தோலும் படிகிறது. தண்ணீர் குடித்தான். குளிசையை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். நன்றி அக்கா.

உவர்மலை_வாசி (செவ்வாய், காலை 8.40)
எப்படி இருக்கிறான்?

கிண்ணியா_நண்பன் (செவ்வாய், பகல் 1.15)
அண்ணா, ஒரு வரியாவது போடுங்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆறாங்கட்டை (செவ்வாய், மாலை 5.30)
இடையில் ஒன்று. இதைப் படித்துவிட்டு எலும்பே இல்லாமல் வெறும் சதை கொடுக்கலாம் என்று யாரும் முடிவெடுத்துவிடாதீர்கள். சதையில் பொஸ்பரஸ் நிறைய, கல்சியம் மிகக் குறைவு. வளரும் குட்டிக்கு அப்படிக் கொடுத்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கும், கால் வளையும். அவித்த எலும்பும் மாற்று வழி இல்லை. அது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

சீனக்குடாத்_தம்பி (செவ்வாய், மாலை 5.44)
மீன்? எங்களுக்கு மலிவு சூடைதான். பச்சையாகப் போடலாமா?

ஆறாங்கட்டை (செவ்வாய், மாலை 5.52)
தினமும் பச்சையாக வேண்டாம். சூடை, கீரி மாதிரி மீன்களில் தயமினேஸ் என்ற நொதியம் உண்டு, பி1 விற்றமினை அது அழித்துவிடும். அவித்தால் நொதியம் போய்விடும். அம்மம்மா அவித்துத்தானே போட்டிருப்பார்?

சீனக்குடாத்_தம்பி (செவ்வாய், மாலை 5.55)
ஓம், சோற்றோடு அவித்துத்தான். உப்பும் புளியும் சேர்ப்பதற்கு முன்பே நாயின் பங்கை எடுத்துவிடுவார்.

உப்புவெளியான் (புதன், இரவு 7.10)
மன்னியுங்கள், நேற்று முழுக்க அவனோடு அலைந்தேன். எக்ஸ்ரேயில் பெருங்குடல் முழுக்க வெள்ளை வெள்ளையாக எலும்பு. மயக்க மருந்து கொடுத்துக் கழுவி எடுத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள். குடிக்க ஒரு பாணி தந்திருக்கிறார்கள். தோல் நீக்கிய கோழிச் சதையை அவித்து, சோற்றோடும் கொஞ்சம் பூசணியோடும் கொடுக்கச் சொன்னார்கள். இன்று காலை வேலியோரம் தானாகப் போனான். மண்ணிறம், மென்மையாக. பிள்ளைகள் ஓடி வந்து பார்த்தார்கள்.

தம்பலகாமத்தாள் (புதன், இரவு 7.18)
இப்போதான் மனம் ஆறுகிறது. பாணியைப் பாதியில் நிறுத்த வேண்டாம். திரும்ப முக்கினால் உடனே கொண்டு போங்கள்.