ஆக்சில் கியர் ரேஷியோ: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

உயரம் கூட்டிய ஃபோர் வீல் டிரைவ் டிரக்குகள் பற்றிய கையேட்டுக்குக் கலைச்சொல் திரட்டும் வேலை ‘ஆக்சில் கியர் ரேஷியோ’வில் வந்து நிற்கிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஓட்டுதண்டு (கியர்பெட்டிப் பக்கமிருந்து அச்சுக்கு விசை கொண்டுவரும் தண்டு) எத்தனை சுற்றுச் சுற்றவேண்டும் என்ற எண் அது. ‘அச்சுப் பற்சக்கர விகிதம்’ என்றால் பொருள் சரி, ஆனால் ஒரே பத்தியில் ஆறு முறை வந்தால் படிப்பவருக்கு மூச்சு முட்டும். ‘இறுதி இயக்க விகிதம்’ என்று எழுதுவோரும் உண்டு. சொல் புழங்கப்போகும் பத்தி இது:

“ஜீப் கிளேடியேட்டர் ரூபிகான் 4.10 விகிதத்தோடும் ஏறத்தாழ 33 அங்குல டயரோடும் ஆலையிலிருந்து வருகிறது. 37 அங்குல டயர் மாட்டினால், பழைய இழுவையைத் திரும்பப் பெற 4.10 × 37 ÷ 33, அதாவது 4.60 வேண்டும். அந்தக் கணக்கில் டயரின் கூடுதல் எடையும், உயர்ந்த வண்டி சந்திக்கும் காற்றெதிர்ப்பும் சேரவில்லை. அதனால் 4.56 போதாது. 4.88 அல்லது 5.13 போடுவார்கள்.”

ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் உயர்த்துவதால் மட்டும் வேண்டிய விகிதம் மாறாது, டயரின் விட்டம்தான் அதை மாற்றுகிறது. இதையும் கையேட்டில் சொல்லியாக வேண்டும். பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

---

> ‘இறுதி இயக்க விகிதம்’ என்று எழுதுவோரும் உண்டு

ஐயா, அது வேண்டாம். இறுதி என்றால் சக்கரத்துக்கு முந்தைய கடைசிக் குறைப்பு வரை அடங்கிவிடும். அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீயில் டிஃபரன்ஷியலில் (அச்சின் நடுவே விசையை இரு சக்கரத்துக்கும் பிரிக்கும் அமைப்பு) 2.73, சக்கரத்தை ஒட்டிய பெட்டியில் இன்னொரு 1.92. இரண்டையும் பெருக்கினால் 5.24. அங்கே இறுதி விகிதம் எது? மொத்தத்துக்குக் ‘கடை விகிதம்’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஒரு ஜோடிக்கான சொல்.

என் முன்மொழிவு ‘பல்விகிதம்’. காரணம், அந்த எண் உண்மையிலேயே பற்களை எண்ணிக் கிடைப்பது. பெரிய சக்கரத்தில் 41 பல், சிறியதில் 10 என்றால் 4.10. அதே 41-க்கு 9 என்றால் 4.56, 8 என்றால் 5.13. 39-க்கு 8 என்றால் 4.88. ஏன் முழு எண்ணாக 4.00 என்று வைப்பதில்லை என்று கேட்பவருக்கும் சொல்லே விடை தரும்: 40-க்கு 10 என்றால் ஒரு பல் எப்போதும் அதே நான்கு பற்களோடுதான் உரசும், தேய்மானம் ஒரே இடத்தில் சேரும். பொது வகுஎண் இல்லாத ஜோடியில் ஒவ்வொரு பல்லும் எல்லாப் பற்களையும் சந்திக்கும்.

---

பல்விகிதம் எனக்கும் உடன்பாடே. ஆனால் கியர்பெட்டியிலும் பல்விகிதம் உண்டு, எனவே முன்னொட்டு வேண்டும்: ‘அச்சுப் பல்விகிதம்’. இலங்கை வழக்கில் ‘பற்சில்லு விகிதம்’ என்போம். அதை இணைச்சொல்லாகக் குறித்துவிடுங்கள். இன்னொன்று, சில பட்டியல்களில் ஆக்சிலுக்கு ‘அச்சாணி’ என்று போட்டிருக்கிறார்கள். அச்சாணி என்பது சக்கரம் கழன்று விழாமல் அச்சின் முனையில் செருகும் ஆணி, அச்சு அல்ல. மாட்டுவண்டிக்காரரின் ‘இருசு’ நல்ல சொல். கையேட்டுக்கு அது அறிமுகமில்லாததாக இருக்கும் என்பதால்தான் அழுத்திச் சொல்லவில்லை.

---

பெயரைவிடப் பெரிய சிக்கல் அடைமொழியில் இருக்கிறது. மேல் மடலில் யாரும் அதைத் தொடவில்லை.

ஆங்கிலத்தில் 4.88-ஐ 4.10-ஐவிட ‘லோ கியர்’ என்பார்கள், எண் பெரிது, பெயர் தாழ்வு. நாம் ‘உயர் விகிதம்’, ‘தாழ் விகிதம்’ என்று மொழிபெயர்த்தால், “37 அங்குல டயருக்குத் தாழ் விகிதம் தேவை” என்று படிப்பவர் 3.73 வாங்கி மாட்டிவிடுவார். முன்னும் பின்னும் இரண்டு அச்சையும் பிரித்துச் செய்யும் வேலை, கூலியோடு பெரிய செலவு. ஒரு அடைமொழியால் இந்தத் தவறு நடக்கக் கூடாது.

பட்டறையில் பேசும் தமிழே வழி காட்டுகிறது. “வண்டி இழுக்கல”, “ஓட்டம் நல்லா இருக்கு” என்பார்கள். எண் கூடினால் ‘இழுவைப் பக்கம்’, எண் குறைந்தால் ‘ஓட்டப் பக்கம்’. “4.10-லிருந்து இழுவைப் பக்கம் இரண்டு படி போனால் 4.88” என்றால் யாருக்கும் திசை தவறாது.

அந்தத் திசை ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு:

எஞ்சின் சுழற்சி = வேகம் × அச்சுப் பல்விகிதம் × கியர் × 209 ÷ டயர் விட்டம்

வேகம் கிலோமீட்டரில், விட்டம் அங்குலத்தில். கிளேடியேட்டரின் எட்டு வேகத் தானியங்கிப் பெட்டியில் எட்டாம் கியர் 0.67. மணிக்கு 100-இல், 33 அங்குல டயரும் 4.10-ம் இருந்தால் நிமிடத்துக்கு 1,740 சுற்று. 37 அங்குலத்துக்கு மாறி 4.10-ஐ அப்படியே விட்டால் 1,552. அந்த 3.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் உச்ச முறுக்குவிசையை 4,400 சுற்றில்தான் தருகிறது. 1,552-இல் சிறு மேடு வந்தாலும் திணறி ஏழுக்கும் ஆறுக்கும் இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும், பெட்டியின் எண்ணெய் சூடாகும். 4.88 போட்டால் 1,847. 5.13 போட்டால் 1,941. நெடுஞ்சாலையில் டிரெய்லர் இழுப்பவருக்கு 5.13, தினசரி ஓட்டத்துக்கு 4.88 என்பது என் கருத்து.

பாறையில் ஊரும் கணக்குக்கு ‘ஊர்வு விகிதம்’ வைக்கலாம்: முதல் கியர் 4.71 × பகிர்பெட்டியின் (விசையை முன் பின் அச்சுகளுக்குப் பகிரும் ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’) 4.00 × 4.10 = 77.2. 4.88-இல் 91.9.

---

> 4.88 போட்டால் 1,847

எண்கள் சரி. இழுவைப் பக்கம், ஓட்டப் பக்கம் இரண்டும் அருமை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும் சேருங்கள்: இழுவைப் பக்கம் போகப்போகச் சிறுசக்கரம் சுருங்கும். பத்துப் பல்லோடு இருந்தது எட்டானால் தலை சிறுத்து, வலுவும் குறையும். 37 அங்குலத்தில் லாக்கர் (இரு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் உறுப்பு) போட்டுப் பாறையில் மோதுபவர் எண்ணை மட்டும் பார்த்து 5.38-க்குத் தாவக் கூடாது.

உறுப்புகளின் பெயருக்கு வருவோம். ‘கிரவுன் வீல், பினியன்’ இரண்டும் சேர்த்துக் ‘கிரவுன் பினியன்’ என்றே நம் மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். அதை அழிக்க வேண்டாம். முதல் முறை ‘வளையப்பல், சிறுபல்’ என்று எழுதி, பக்கத்தில் புழக்கச் சொல்லையும் தரலாம்.

‘பேக்லாஷ்’ = பல்லிடைவெளி. பழைய டேனா 44 அச்சில் இது 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும், டயல் கேஜ் வைத்து வளையப்பல்லின் மூன்று நான்கு இடங்களில் பார்க்கவேண்டும். பல்லிடைவெளி சரியாக வந்ததும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் பெரும்பிழை. மஞ்சள் பூச்சுத் தடவிச் சுற்றிப் பார்த்தால், தடம் பல்லின் அடிவாரத்தில் விழுந்தால் சிறுபல் அதிகம் உள்ளே போயிருக்கிறது, ஷிம்மை (ஆழத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) குறைக்கவேண்டும். நுனியில் விழுந்தால் ஷிம்மைக் கூட்டவேண்டும். ஆழத்தைச் சரிசெய்த பிறகுதான் பல்லிடைவெளி, வரிசையை மாற்றினால் இரண்டையும் மறுபடி செய்யவேண்டும். இந்த வேலை பிசகினால் வேகத்தில் ஊளைச் சத்தம் வரும்.

அதே பழைய டேனா 44-இல் 3.73 வரை ஒரு கேரியர் (வளையப்பல்லைத் தாங்கும் கூடு), 3.92 முதல் வேறு கேரியர். சிறுபல் சுருங்கும்போது வளையப்பல் அதை நோக்கி நகரவேண்டியிருப்பதே காரணம். இதற்கு ‘கேரியர் பிரிவெல்லை’ என்று வைக்கலாமா?

---

பிரிவெல்லை நன்று. இதுவரை எடுத்துக்கொண்டவை: அச்சுப் பல்விகிதம் (இலங்கையில் பற்சில்லு விகிதம்), கடை விகிதம், ஊர்வு விகிதம், இழுவைப் பக்கம், ஓட்டப் பக்கம், வளையப்பல், சிறுபல், பல்லிடைவெளி, பிரிவெல்லை.

முதல் சொல்லுக்கு விளக்கம் இப்படி: “சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஓட்டுதண்டு எத்தனை சுற்றுச் சுற்றவேண்டும் என்ற எண். இரண்டு அச்சிலும் ஒன்றாக இருக்கவேண்டும். வேறுபட்டால் நான்கு சக்கர ஓட்டத்தில் பகிர்பெட்டி இறுகிப் பழுதாகும்.” இருக்கும் விகிதத்தை அறியும் முறையும் கீழே வரும்: சாதா டிஃபரன்ஷியலில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி, மறுசக்கரத்துக்கு அணை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, தூக்கிய சக்கரத்தை (மறுசக்கரம் நிற்பதால்) இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, ஓட்டுதண்டின் சுற்றை எண்ணவேண்டும். நான்கைச் சற்றே தாண்டினால் 4.10, ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88.

‘பிரேக்-இன்’ மட்டும் பாக்கி. புது ஜோடி மாட்டியதும் 25, 30 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, அரைமணி நேரம் ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, 800 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றும் வரை டிரெய்லர் இழுக்காமல் வைத்திருக்கும் காலம் அது. ‘பழக்கோட்டம்’, ‘பதவோட்டம்’ இரண்டில் எது என்று எழுதுங்கள்.

---

பதவோட்டம். உரசி உரசிப் பல் பதப்படுகிறது, பழகவில்லை.