பச்சை உடம்புக்காரிக்கு 12 மதிப்பெண்: மனச்சோர்வா, பிள்ளை அழுவதால் வந்த தூக்கமின்மையா?

கேள்வி (கிராமச் செவிலி):

14 ஆண்டுகளாகக் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். தலைப்பிரசவம் முடிந்து தாய்வீட்டில் இருக்கும் பெண் ஒருத்தியை 35ஆம் நாள் பார்க்கப் போனேன். முகம் வாடிக் கிடந்தது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 தாளின் ஒன்பது கேள்விகளையும் படித்துக் கேட்டேன். தூக்கம் 3, அசதி 3, பசி 2, கவனம் 2, ஆர்வமின்மை 1, சோகம் 1. சாவு, தன்னை வருத்திக்கொள்வது பற்றிய கேள்விக்கு 0. மொத்தம் 27க்கு 12. பத்து வந்தாலே கவனிக்கச் சொல்கிறார்கள். ஆனால் இரவெல்லாம் பிள்ளை அழுகிறது, பத்தியச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தக் கணக்கில் பிள்ளை பெற்றவர்களில் பாதிப்பேர் பத்தைத் தொட்டுவிடுவார்களே! அவள் அம்மா வேறு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "இவளுக்கு என்ன குறை?" என்று பாதிக் கேள்விகளுக்குத் தாமே பதில் சொன்னார். மருத்துவரிடம் அனுப்பட்டுமா, ஒரு வாரம் பொறுக்கட்டுமா? அவள் முகம் கண்ணை விட்டு அகலவில்லை.

பதில் 1 (மனநல ஆலோசகர்):

பொறுக்க வேண்டாம், சகோதரி. உங்கள் சந்தேகம் சரியானதுதான். 12இல் 8 தூக்கம், அசதி, பசியிலிருந்தே வந்திருக்கிறது. இதற்காகவே, பிள்ளை பெற்றவர்களின் மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் எடின்பரோ அளவுகோல் வந்தது. பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றி, மொத்தம் 30. தமிழிலும் இருக்கிறது. அதில் பசி, அசதி பற்றிய கேள்வியே கிடையாது. தூக்கத்தைக்கூட, மனவருத்தத்தால் தூங்க முடியாமல் போனதா என்றுதான் கேட்கும். காரணமில்லாத கவலை, திகில் பற்றியும் கேட்பதால் பதற்றமும் பிடிபடும். தாளை எடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: "பிள்ளை தூங்கும்போது உன்னால் தூங்க முடிகிறதா?"

பதில் 2 (இரு பிள்ளைகளின் தாய்):

அக்கா, அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். எனக்கு முதல் பிள்ளை பிறந்தபோது மாமியார் எதிரில் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றேன். பிள்ளையைத் தூக்கவே கை வராத நாட்கள் அவை. தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒரு செவிலியர் என்னை எடை பார்க்கும் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். அவர் வாய் திறக்கும் முன்பே அழுதுவிட்டேன்.

கேள்வி கேட்டவர்:

சனிக்கிழமை மறுபடி போனேன். அம்மாவை வெந்நீர் வைக்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேசினேன். பிள்ளை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லையாம். மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம். எடின்பரோ தாளில் 16 வந்தது. அன்று 0 என்ற அதே கேள்விக்கு, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வருமா என்றதற்கு, தலையைக் குனிந்து "எப்போதாவது" என்றாள்.

பதில் 1 (மனநல ஆலோசகர்):

மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் அந்த ஒரு பதில் போதும். இன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். அதுவரை அவளைத் தனியாக விடாதீர்கள். இரவில் தேவைப்பட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி கேட்டவர்:

அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன், ஐயா. மருத்துவர் நேரம் எடுத்துப் பேசினார். வியாழக்கிழமை மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கிறோம். பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளை என் மடியில் இருந்தது, அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். இனி அவள் அம்மாவிடம் பேச வேண்டும். அவரும் பயந்துபோயிருக்கிறார்.