அப்பா உயில் எழுதவில்லை, வீடு யாருக்கு?

கேள்வி: அப்பா போய் நாற்பது நாளாகிறது. வீடு அவர் சம்பாதித்து வாங்கியது. அம்மா, நான், தங்கை இருக்கிறோம். வங்கியில் நாமினி நான்தான். பணம் முழுதும் எனக்கா? தங்கையிடம் கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

பதில்: நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பவர், அவ்வளவுதான். இந்துக் குடும்பம் என்றால் 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் சமபங்கு. அப்பாவின் அம்மா இருந்தால் அவருக்கும் உண்டு.

கேட்டவர்: ஆத்தா இருக்கிறார், 84 வயது. அவரை நினைக்கவே இல்லையே!

இன்னொருவர்: சரி, அப்படியானால் நான்கு பங்கு. ஆத்தா உயில் எழுதாவிட்டால் அவர் பங்கு உங்கள் அத்தை, சித்தப்பாக்களுக்கும் பிரியும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆறு கையெழுத்துக்கு அலைந்தோம். உயிலுக்கு வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சிகள் வேண்டும். யாருக்கு என்பது அவர் விருப்பம், வற்புறுத்தாதீர்கள். முதலில் தங்கையை அழைத்துப் பேசுங்கள்.