சோபா முன்னால் பாஸ் காணோம்: பேனலா, ஈக்யூவா?

அடித்தந்தி:
ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கும் என் அறை 4.2 மீட்டர் நீளம், 3.4 மீட்டர் அகலம். சோபா நீளவாக்கில் நட்டநடுவில் கிடக்கிறது. மைக் வைத்து அளந்தேன்: 41 ஹெர்ட்ஸில் சத்தம் 12 டெசிபல் குறைந்து பள்ளம், 82-இல் 8 டெசிபல் கூடி மேடு. பேஸ் கிட்டாரின் அடித் தந்தியில் கனமே இல்லை; அதற்கு ஒரு ஸ்தாயி மேலே போனால் அறையே அதிர்கிறது. சுவரில் 5 செ.மீ. ஃபோம் ஒட்டியும் பாஸில் (கீழ்ச் சுரங்களில்) ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் பேனல் (ஒலியை உறிஞ்சும் பலகை) வாங்கவா, ஈக்யூவில் (வேண்டிய சுரங்களை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில்) பார்த்துக்கொள்ளவா?

மூலைப்பஞ்சு:
இரண்டும் அப்புறம். முதலில் சோபாவை நகர்த்துங்கள்.

ஒலியின் வேகமான 343-ஐ (வினாடிக்கு இத்தனை மீட்டர்) அறை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்துப் பாருங்கள், 41 ஹெர்ட்ஸ் வரும். முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே நிற்கும் அந்த அலைக்கு நடு இடத்தில் அழுத்தமே கிடையாது. அதன் இரட்டிப்பான 82-க்கோ அதே இடம்தான் உச்சம். உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் நீங்கள் உட்காரும் இடம்.

பள்ளத்தை ஈக்யூவால் நிரப்பப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. 12 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் 16 மடங்கு பவர் தர வேண்டும். அவ்வளவும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான்: நேரே வரும் ஒலி கூடும்போது அதை அழிக்கிற எதிரொலியும் கூடவே கூடும். பாஸைத் தரும் ஸ்பீக்கரான ஊஃபர்தான் திணறும்.

மேட்டைக் குறைப்பது வேறு விஷயம். அங்கே ஈக்யூ நன்றாக வேலை செய்யும். அளவு குறைவதோடு அந்தச் சுரம் இழுத்துக்கொண்டு நிற்பதும் குறையும்.

ஃபோம் இனி வேண்டாம். 82 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4 மீட்டருக்கு மேல், 5 செ.மீ. அதை என்ன செய்யும்? மேல் சுரங்களை மட்டும் தின்றுவிட்டு அறையை மந்தமாக்கும். பணம் இருந்தால் மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை தடிமனான ராக்வுல் (கல்லிலிருந்து செய்த பஞ்சு) வையுங்கள்.

கண்ணாடிக்காரன்:
ஒன்று சேர்க்கிறேன். ஈக்யூ ஒரு இருக்கைக்குப் பொருந்தினால் பக்கத்து இருக்கையில் கெடலாம். தலை இருக்கும் இடத்தைச் சுற்றி நாலைந்து இடங்களில் அளந்து, எல்லாவற்றிலும் தெரிகிற மேட்டை மட்டும் வெட்டுங்கள். 300 ஹெர்ட்ஸுக்கு மேல் வரைபடத்தில் தெரியும் மேடுபள்ளத்தை ஈக்யூவால் துரத்த வேண்டாம். அங்கே பக்கச் சுவரில் பட்டு வரும் முதல் எதிரொலிதான் முக்கியம். யாரையாவது பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். சோபாவிலிருந்து பார்க்கும்போது கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் பேனல்.

அடித்தந்தி:
சோபாவை 60 செ.மீ. பின்னால் தள்ளினேன். பள்ளம் 5 டெசிபலாகச் சுருங்கிவிட்டது, மேடு 4. அடித் தந்தி கேட்கிறது! பின்சுவருக்கு இன்னும் 1.5 மீட்டர் இருக்கிறது, இன்னும் தள்ளவா?

மூலைப்பஞ்சு:
அருமை! இப்போதைக்குப் போதும். சுவரை ஒட்டப் போனால் எல்லா பாஸும் வீங்கும். இனி ஈக்யூவில் 82-ஐ மட்டும் தொடும் ஒரே ஒரு குறுகிய ஃபில்டர், 4 டெசிபல் இறக்கம். போட்டும் எடுத்தும் ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் சத்தம் சமமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சத்தம் கூடிய பக்கம்தான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். மூலைகளில் ராக்வுல் வைத்த பிறகு மறுபடி அளந்து அந்த 4-ஐ மாற்றுங்கள்.