குறைத்த எடை திரும்பத் திரும்ப ஏறுகிறது, ஏறாமல் வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

பனியன்_ஊர்க்காரன்:
வணக்கம். வயது 36, திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் ஷிப்மென்ட் நாட்களில் இரவு ஒன்பதானாலும் எழுந்திருக்க முடியாது. போன வருடம் அரிசியை அடியோடு விட்டு, ஜிம்மில் சேர்ந்து 9 கிலோ குறைத்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனதோடு ஜிம் நின்றது, பொங்கலுக்குள் 7 கிலோ திரும்பிவிட்டது. டயட் சார்ட் என்னிடமே ஏகப்பட்டது இருக்கிறது, அது வேண்டாம். இரண்டு மூன்று வருடமாக எடையைப் பிடித்து வைத்திருப்பவர்கள் தினமும் என்ன செய்கிறீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள். வீட்டில் அம்மா சமையல், எனக்கென்று தனியாகச் செய்யச் சொல்ல முடியாது.

வைகைக்கரை:
தனியாகச் சமைக்கவே வேண்டாம் அண்ணா. எங்கள் வீட்டில் பரிமாறும் வரிசையைத்தான் மாற்றினோம். முதலில் பொரியல், கூட்டு இரண்டும் தட்டில் பாதியை அடைக்கிற மாதிரி வைத்துவிட்டு மீதி இடத்தில்தான் சோறு. குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவை சோறு வாங்குவது நம் ஊர் வழக்கம், நான் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிடுகிறேன், ஒரு சுற்று சோறு சத்தமில்லாமல் குறைந்துவிட்டது.

அப்புறம் எண்ணெய். மாதச் சாமானில் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று பார்த்து வீட்டிலுள்ள தலைகளால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு மாதம் 1 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு சுமார் 30 கிராம், அதுவே 270 கலோரி. நாங்கள் நாலு பேருக்கு ஆறு லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம்! இப்போது நாலு. ருசி போய்விட்டதென்று யாரும் சொல்லவில்லை, அப்பளத்தைச் சுட்டுத் தருகிறோம் என்று அப்பா மட்டும் புலம்புவார்.

கணக்குப்புலி:
டீயை ஏன் யாரும் கேட்கவில்லை? டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு ஐந்து டீ என்றால் கிட்டத்தட்ட 50 கிராம், 200 கலோரி. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பே அவ்வளவுதான், அதில் பாதியாக்கினால் நல்லது என்றும் சொல்கிறது. கூட வரும் பப்ஸ், பஜ்ஜி எல்லாம் தனிக்கணக்கு.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் ஒரு சின்னப் பழக்கம் தானாக வர நடுவாந்தரமாக 66 நாள் ஆகியிருக்கிறது, ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கு வந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. உங்களுக்குத் தீபாவளி லீவில் ஜிம் விட்டுப்போனது பிரச்சினையே இல்லை, லீவு முடிந்த பிறகும் போகாததுதான். காலையில் பல் தேய்த்ததும் இருபது நிமிடம் தெருவில் நடப்பது மாதிரி, ஊருக்குப் போனாலும் கூடவே வருகிற ஒன்றைப் பிடியுங்கள்.

ராத்திரி_ஷிப்ட்:
எடை மெஷினைப் பற்றி ஒன்று. அரிசியை விட்ட முதல் வாரம் சரசரவென்று இறங்கியிருக்குமே, அதில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் பிடித்து வைக்கும், அது தீர்ந்தால் தண்ணீரும் போகும், சோறு தின்றதும் திரும்பி வரும். கல்யாண வீட்டுப் பிரியாணிக்கு மறுநாள் ஒரு கிலோ ஏறுவதும் இதனாலும் உப்பாலும்தான். அதைப் பார்த்து "எல்லாம் போச்சு" என்று ஒரு வாரம் கண்டபடி தின்பவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள், மாதத்துக்கு ஒருமுறை இடுப்பை அளந்து எழுதுங்கள். நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

சர்க்கரை மாத்திரை போடுபவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை விடாதீர்கள், சில மாத்திரைகளுக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

பனியன்_ஊர்க்காரன்:
மாத்திரை எதுவும் இல்லை. டீ எண்ணிப் பார்த்தேன், ஆறு. நாளையிலிருந்து சர்க்கரை ஒரு ஸ்பூன், அம்மாவிடம் எண்ணெய்க் கணக்கும் கேட்கப்போகிறேன் (திட்டு விழும்). ஆனால் ஷிப்மென்ட் வாரத்தில் கம்பெனியே பரோட்டா வாங்கித் தருகிறது, அதற்கு என்ன வழி?

வைகைக்கரை:
ஆறரை மணிக்கே சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ சாப்பிட்டுவிடுங்கள், பொட்டலம் பிரிக்கும்போது அகோரப் பசி இருக்காது. இரண்டு பரோட்டாவோடு நிறுத்திக்கொண்டு மீதியை அப்போதே பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிடுங்கள், மேஜையில் இருந்தால் கை சும்மா இருக்காது. சால்னாவை ஊற்றி ஊறவைக்காமல் தொட்டுச் சாப்பிடுங்கள் அண்ணா.