பத்துமலைப் படிக்கட்டில் கூட்டத்தை நீக்கி, ஒரே ஆளை ஐந்து இடத்தில் நிறுத்துவது எப்படி?

செந்தூல்_பையன்:
வணக்கம். தங்கச்சியோட பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழுக்கு ஒரு படம் வேணும். பத்துமலைப் படிகளில் வேறு ஆளே இருக்கக் கூடாது. அவள் மட்டும் ஐந்து படிகளில் ஐந்து நிலைகளில் நிற்கணும், பின்னால் முருகன் சிலை முழுசா தெரியணும். கையில் இருப்பது 24 மெகாபிக்சல் கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு முக்காலி. இதுவரை எல்லாம் ஆட்டோ, ஜேபெக்தான். போட்டோஷாப்பில் லேயர் மாஸ்க் (ஒரு லேயரின் வேண்டிய பகுதியை மட்டும் காட்டுவது) வரை தெரியும். அங்கே காலை ஏழு மணிக்குப் போனாலும் கூட்டம். பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைப் பத்து முறை பாதியாக்கும் கறுப்புக் கண்ணாடி; ஒரு ஸ்டாப் என்றால் ஒரு பாதி) வாங்கினா கூட்டம் மறைஞ்சிடுமா, இல்லை ஏஐ அழிப்பானிலேயே வேலையை முடிச்சிடலாமா?

கிள்ளான்_லென்ஸ்:
ரெண்டும் வேண்டாம் தம்பி. ஏஐ அழிப்பான் ஒன்றிரண்டு பேரை நீக்கும். நூறு பேரை நீக்கச் சொன்னால் படிகளைத் தானே கற்பனை பண்ணி வரையும். 2018இல் அந்த 272 படிகளுக்கும் வண்ணம் தீட்டினார்கள். ஒவ்வொரு படியிலும் கோலம் மாதிரி நுணுக்கமான வடிவம். அது ஒரு இடத்தில் குழம்பினாலும் பார்த்தவுடனே தெரியும்.

உங்களுக்கு வேண்டியது மீடியன் ஸ்டாக். முக்காலியை அசைக்காமல் 20 படம் எடுக்கிறீர்கள். கணினி ஒவ்வொரு புள்ளியிலும் இருபது மதிப்பையும் வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளும். படியில் ஒரே ஒரு புள்ளியின் வெளிச்சம் (0 கறுப்பு, 255 வெள்ளை) ஒன்பது படங்களில் இப்படி வருகிறது என்று வைப்போம்: 118, 120, 119, 240, 121, 35, 120, 119, 238. 240, 238 வெள்ளை வேட்டி; 35 யாரோ ஒருவரின் தலைமுடி. நடு மதிப்பு 120, அது வெறும் படியின் நிறம். சராசரி எடுத்திருந்தால் 137 வரும், அதாவது வெளிறிய ஒரு கறை. என்டி ஃபில்டர் போட்டு நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைப்பதும் சராசரி எடுப்பது மாதிரிதான்.

இதில் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு இடமும் பாதிக்கு மேற்பட்ட படங்களில் காலியாக இருக்க வேண்டும். பத்து நிமிடம் ஒரே படியில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறவர் படத்திலும் அப்படியே உட்கார்ந்திருப்பார்.

எடுக்கும்போது எதுவும் மாறக் கூடாது. மேனுவல் மோடு, எஃப் 8, ஐஎஸ்ஓ 400, 1/250. படிகள் முழுக்க நிழலில் இருக்கும் காலை நேரத்துக்கு இது சரியாக இருக்கும், ஒரு ஸ்டாப் முன்னே பின்னே ஆகலாம். வொய்ட் பேலன்ஸை (நிறச் சமன்) ஆட்டோவில் விட்டால் ஒருத்தர் மஞ்சள் புடவையில் கடந்ததுமே நிறம் மாறும். 5500 கெல்வினில் நிறுத்துங்கள். ஃபோகஸை மூன்று மீட்டரில் வைத்து மேனுவலுக்கு மாற்றுங்கள். 18 மில்லிமீட்டரில் எஃப் 8 என்றால் சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து கடைசி வரை தெளிவாக வரும். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) அணைத்துவிடுங்கள். ஃபைல் கண்டிப்பாக ரா (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைக்கும் ஃபைல்), ஜேபெக் வேண்டாம்.

25 விநாடிக்கு ஒரு படம். இருபது படத்துக்கு எட்டு நிமிடம் இருபது விநாடி. அதற்கு மேல் இழுக்காதீர்கள், சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, நிழலின் ஓரங்கள் நகர்ந்து கலங்கிவிடும். இடைவெளியைக் குறைத்தாலும் தொல்லை: ஏறுகிறவர் அடுத்த படத்தில் இரண்டு படிதான் தள்ளி இருப்பார்.

தைப்பிங்_மழை:
என்டி ஃபில்டரை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட வேண்டாமே. 1/125க்குப் பத்து ஸ்டாப் கூட்டினால் 8 விநாடி. முக்காலியும் ஒரே ஒரு படமும் போதும், கணினி வேலையே இல்லை.

கிள்ளான்_லென்ஸ்:
அருவிக்கு 8 விநாடி அருமை. படி ஏறுகிறவர்கள் மெதுவாக ஏறி, மூச்சு வாங்க நிற்பார்கள். 8 விநாடியில் அவர்கள் மறைய மாட்டார்கள், பேய் மாதிரி தெரிவார்கள். முழுக்க மறைய நிமிடக்கணக்கில் திறந்து வைக்கணும். அப்போதும் வெள்ளை உடை ஒரு கோடாக மிஞ்சும். அது போக, நடனம் ஆடுகிற பெண் 8 விநாடி அரைமண்டியில் (முழங்கால் மடக்கிய நிலையில்) அசையாமல் நிற்கணும்!

ஜெலுத்தோங்_அக்கா:
கூட்டத்தை விடுங்கள், அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று கேள்வியிலேயே இருக்கிறது. "சிலை முழுசா" என்கிறீர்கள். சிலை 42.7 மீட்டர். கேமராவை மேலே சாய்க்காமல் (சாய்த்தால் சிலை பின்னால் விழுகிற மாதிரி தெரியும்) 18 மில்லிமீட்டரில் நெட்டுவாக்கில் அது முழுதும் அடங்க, கிட்டத்தட்ட 70 மீட்டர் தள்ளி நிற்கணும். அங்கிருந்து 1.6 மீட்டர் உயரப் பெண், படத்தின் 6000 புள்ளி உயரத்தில் 110 புள்ளிதான். ஏ5 அட்டையில் அச்சடித்தால் 4 மில்லிமீட்டர். எந்தப் பாட்டி அதில் பேத்தியைக் கண்டுபிடிப்பார்?

அதனால் சிலையை விட்டுக்கொடுங்கள், இல்லை சிலையின் அடிப்பகுதி மட்டும் ஓரத்தில் வரட்டும். முதல் நிலை கேமராவிலிருந்து 8 மீட்டரில் இருந்தால் அட்டையில் 34 மில்லிமீட்டர் உயரம் வரும். கடைசி நிலை 25 மீட்டரில் என்றால் 11 மில்லிமீட்டர். முன்னால் பெரிது, பின்னால் சிறிது என்று படிகளோடு கண் தானாக மேலே போகும். சிலை அவசியம் என்றால் அதைத் தனிப்படமாக அட்டையின் பின்பக்கம் போடுங்கள்.

ஐந்து நிலைகளையும் அந்த எட்டு நிமிடத்துக்குள்ளேயே எடுத்துவிடலாம். 25 விநாடி ஓட்டம் நிற்காமல் போகட்டும். தங்கச்சி ஒவ்வொரு இடத்திலும் மூன்று படத்துக்கு நிற்கட்டும். நிலையை முழு நேரமும் பிடிக்க வேண்டாம், ஷட்டர் விழும்போது பிடித்தால் போதும். இருபதில் மூன்று என்பதால் மீடியனில் அவளும் மறைந்து, காலிப் படிக்கட்டு தனியாகக் கிடைக்கும். ஒவ்வொரு இடத்திலும் யாரும் அவளை மறைக்காத, தொடாத ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். அவள் நிற்கும்போது ரிமோட்டில் கூடுதலாக நாலைந்து படம் தட்டுவது புத்திசாலித்தனம், ஆனால் அந்த உபரிப் படங்களை மீடியனில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அவளும் சுற்றி நிற்கிறவர்களும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருவார்கள், மீடியன் குழம்பலாம்.

கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். முக்காலியைப் படியில் விரித்து வழியை மறித்தால் பக்தர்கள் சும்மா விட மாட்டார்கள், விடவும் கூடாது. படிக்குக் கீழே தளத்தில் வையுங்கள். பையில் வாழைப்பழம் வேண்டாம், குரங்குகள் பை ஜிப்பைத் திறக்கும்.

பினாங்கில் இதே முறையை ஆர்மேனியன் தெரு சைக்கிள் சிறுவர்கள் ஓவியத்தின் முன் முயல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே வேலைக்கு ஆகாது. வரிசையில் நின்று ஒருவர் மாற்றி ஒருவர் அதே இடத்தில் போஸ் கொடுக்கிறார்கள், சுவர் காலியாகத் தெரிவதே இல்லை. அங்கே விடிந்ததும் போவதுதான் வழி.

செந்தூல்_பையன்:
அக்கா, 4 மில்லிமீட்டர் கணக்கு கண்ணைத் திறந்தது, சிலை பின்பக்கம் போயாச்சு. போன வாரம் ஒத்திகையாக, தங்கச்சி இல்லாமல் 20 படம் எடுத்துப் பார்த்தேன். படிகள் சுத்தம். ஆனால் கைப்பிடிக் கம்பி ஓரத்தில் அரைகுறை உருவங்கள், மேலே மரங்கள் மெழுகு மாதிரி, மேகம் தேய்த்த மாதிரி. ரெண்டு படம் மட்டும் வெளிச்சம் கூடுதல். போட்டோஷாப்பும் அரை மணி நேரம் தொங்கியது.

கிள்ளான்_லென்ஸ்:
கம்பி ஓரம் எதிர்பார்த்ததுதான், எல்லாரும் அதைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள். அங்கே மீடியனை நம்பாதீர்கள். இருபது படத்தில் அந்த ஓரம் மட்டும் காலியாக இருக்கும் ஒரு படத்தைத் தேடி மேல் லேயராக வைத்து, கறுப்பு மாஸ்க் போட்டு, அந்த ஓரத்தை மட்டும் வெள்ளைத் தூரிகையால் வெளிக்கொண்டு வாருங்கள். மரத்துக்கும் வானத்துக்கும் அதே வைத்தியம். காற்றில் அசையும் இலைக்கு "நடு மதிப்பு" என்று ஒன்று கிடையாது, அதனால்தான் மெழுகு. ஒரே படத்தின் வானத்தை எடுத்து மாஸ்க் செய்யுங்கள்.

வெளிச்சம் கூடிய இரண்டும் மேகம் விலகியபோது எடுத்தவை. தூக்கி எறியுங்கள். வெயில் படமும் நிழல் படமும் ஏறக்குறைய பாதிப் பாதியாக வந்தால்தான் ஆபத்து: படிகளில் திட்டுத் திட்டாக இரண்டு வெளிச்சம் கலந்து வரும், அதைச் சரிசெய்யவே முடியாது.

வரிசையைச் சரிபாருங்கள். முதலில் கேமரா ராவில் (போட்டோஷாப்பில் ரா ஃபைலைத் திறக்கும் பகுதி) எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே திருத்தத்தை சிங்க் செய்யணும், லென்ஸ் புரொஃபைல் (லென்ஸின் வளைவைச் சரிசெய்வது) உட்பட. பிறகு ஃபைல் > ஸ்கிரிப்ட்ஸ் > லோட் ஃபைல்ஸ் இன்டு ஸ்டாக். கீழே உள்ள இரண்டு கட்டத்தையும், அதாவது தானாக ஒழுங்குபடுத்துவது, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (எல்லா லேயரும் சேர்ந்த ஒரே பொதி) ஆக்குவது இரண்டையும் டிக் செய்யுங்கள். அடுத்து லேயர் > ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்ஸ் > ஸ்டாக் மோடு > மீடியன். முடிந்ததும் ராஸ்டரைஸ் செய்து (சாதாரண லேயராக மாற்றி) தனியாகச் சேமியுங்கள்.

தொங்கியதற்குக் காரணம் அளவு. 24 மெகாபிக்சல், 16 பிட் என்றால் ஒரு படமே 144 எம்பி. இருபதுக்கு மூன்று ஜிபி, அதற்கு மேல் போட்டோஷாப்பின் இடைக்கணக்குகள். 8 ஜிபி மெமரியில் மூச்சு முட்டும். ஏ5க்கு 300 டிபிஐயில் 1748 × 2480 புள்ளிதான் வேணும். நீளப்பக்கத்தை 4000ஆகக் குறைத்துவிட்டு ஸ்டாக் செய்யுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_நிழல்:
போட்டோஷாப் இல்லாதவர்களுக்கு: கிம்ப் என்ற இலவச மென்பொருள், அதில் ஜிமிக் என்ற பிளக்இன் (கூடுதல் கருவி). ஓப்பன் ஆஸ் லேயர்ஸில் எல்லாப் படத்தையும் திறந்து, ஜிமிக்கில் லேயர்ஸ் பிரிவில் பிளெண்ட் மீடியன். இன்புட் லேயர்ஸை "ஆல்" என்று மாற்ற மறந்தால் ஒன்றுமே நடக்காது. படங்களை ஒழுங்குபடுத்த ஹியூகின் (படங்களை இணைக்கும் மென்பொருள்) தொகுப்பில் தனிக் கருவி இருக்கிறது. முக்காலி அசையவில்லை என்றால் அதுவும் வேண்டாம்.

ஜெலுத்தோங்_அக்கா:
ஐந்து உருவங்களை ஒட்டும்போது ஆள் மட்டும் போதாது, காலடி நிழலையும் சேர்த்து மாஸ்க் செய்யுங்கள். காலைச் சுற்றி உள்ள மங்கலான இருட்டு விடுபட்டால் பெண் அந்தரத்தில் மிதப்பாள். கேமரா அசையவில்லை என்பதால் உருவத்தின் விளிம்பை நகம் வெட்டுகிற மாதிரி வெட்டத் தேவையில்லை. பக்கத்தில் வேறு ஆள் இல்லாத இடத்தில் தாராளமாக ஒரு கை அகலம் படியையும் சேர்த்துத் தூரிகை போடலாம், பின்னணி இரண்டிலும் ஒன்றுதான். பக்கத்தில் யாராவது நின்றால் மட்டும் நெருங்கி வெட்டுங்கள், அங்கே தூரிகையின் கடினம் 80 சதவீதம். வெளிச்சம் கொஞ்சம் மாறி ஓரம் தெரிந்தால், அந்த லேயருக்கு மட்டும் கிளிப் செய்த கர்வ்ஸ் (வெளிச்சத்தைத் திருத்தும் வளைகோடு) ஒன்று போட்டு இழுங்கள்.

பலரும் கவனிக்காதது: மீடியன் பின்னணியில் நாய்ஸ் (படத்தின் பொடிப் புள்ளிகள்) மறைந்து கண்ணாடி மாதிரி வரும், தங்கச்சியோ ஒற்றைப் படத்திலிருந்து வருகிறாள், அவள் மேல் மட்டும் மணல் தூவிய மாதிரி இருக்கும். பின்னணிக்கு ஆட் நாய்ஸில் ஒன்று அல்லது ஒன்றரை சதவீதம் சேர்த்தால் இரண்டும் பொருந்தும்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் சிஎம்ஒய்கே புரூஃபில் (அச்சு மையில் நிறம் எப்படி வரும் என்று காட்டும் முன்னோட்டம்) ஒரு முறை பாருங்கள். அந்தப் படிகளின் நீலமும் பச்சையும் திரையில் மினுங்கும் அளவு தாளில் வராது. படிகளின் சாச்சுரேஷனை (நிறச் செறிவு) குறைத்தால் பட்டுப்புடவை தனியாக எடுபடும். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு அனுப்புங்கள், வெட்டும்போது கடைசிப் படியில் நிற்கிறவளின் கை போய்விடக் கூடாது.